நில்தா என்னை விசாரித்த மத்தியானம்

என் மனைவி நில்தா நாற்பத்தொன்பது வயதில் திருடர்களைப் பிடிக்கப் படிக்க ஆரம்பித்தாள். போலீஸில் சேரவில்லை. அதற்கு அவள் குட்டை, போதாததற்கு மூட்டுவலி. மோசடி ஆய்வாளர் என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது, வெளிநாட்டுச் சங்கம் ஒன்று தருகிறது. நான்கு பாகமாகக் கம்ப்யூட்டரில் பரீட்சை எழுத வேண்டும். புத்தகம் மட்டும் செங்கல் கனம். அதை அவள் சமையல் மேசையில் வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு அந்த மேசையின் மற்ற பாதியில்தான்.

எங்கள் ஊர் கொச்சபம்பாவில் ஒரு சேமிப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை, கணக்குச் சரிபார்க்கும் மேசை. செத்துப்போன பதினொரு பேர் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். மூன்று மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தாள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் மேலாளரின் தங்கை மகன், இருபத்தாறு வயது, சட்டைப்பையில் மூன்று பேனா. "அவர்கிட்ட சான்றிதழ் இருக்கு நில்தா, உன்கிட்ட இல்லையே" என்றார்களாம். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை.

பரீட்சை நடத்தும் வெளிநாட்டுச் சங்கம் ஜனவரியில் பணம் கட்டினால் தள்ளுபடி தரும். ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் வீட்டில் வேறு ஏதாவது முந்திக்கொள்ளும். ஒரு வருஷம் என் ஷேர் வேனுக்குக் கிளட்ச், ஒரு வருஷம் பெரியவளுக்கு நர்ஸிங் கல்லூரி, ஒரு வருஷம் சின்னவனுக்குக் குடல்வால் ஆபரேஷன். நில்தாவின் முறை எப்போதும் அடுத்த வருஷம்தான். அவள் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து பசனாக்கு என்று ஒரு சீட்டுப் போடுகிறார்கள். மாதாமாதம் எல்லாரும் கட்டுவார்கள், ஒருத்தி மொத்தமாக எடுப்பாள். யாருக்கு எந்த மாதம் என்று ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை குலுக்கிப் போடுவார்கள். குலுக்குகிறவன் நான். பதினொரு வருஷமாக நான்தான். "உனக்குப் பங்கில்ல, அதனால ஆசையுமில்ல" என்று இறைச்சிக்கடை பெத்ரோனா கண்டுபிடித்த நியாயம் அது. ஆம்பளைக்கு ஆசை எதற்கெல்லாம் வரும் என்று பெத்ரோனாவுக்குத் தெரியாதா என்ன, ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள். பெத்ரோனாவின் முற்றத்தில் கூடுவோம். முதல் வாய் சோளக்கள்ளைப் பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றுவோம். எண் எழுதிய துண்டுக் காகிதங்களைச் சுருட்டி, வெட்டிய ஸ்ட்ராத் துண்டுகளுக்குள் செருகி, என் தொப்பியில் போட்டு நீட்டுவேன்.

இந்த ஜனவரியில், ஒன்று என்று எழுதிய காகிதம் இருந்த ஸ்ட்ராவை நான் ஓரத்தில் கடித்து வைத்தேன். தொப்பிக்குள் விரலால் தடவிக் கண்டுபிடித்து, உள் மடிப்பில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். நில்தா கையை விட்டபோது அதை அவள் விரலில் படும்படி விட்டேன். அவ்வளவுதான் வேலை. பூமித்தாய்க்கு ஊற்றிய கள் இன்னும் தரையில் காயவில்லை.

நில்தா காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, மூட்டுவலியை மறந்து குதித்தாள். "இந்த வருஷம் பூமித்தாயே என்னைப் படிக்கச் சொல்லிட்டா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்று குறுகுறுக்கவில்லை, சத்தியமாகச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

குறுகுறுப்பு பிப்ரவரியில் ஆரம்பித்தது, அவள் கேள்விகளை அட்டைகளில் எழுதி என்னிடம் கொடுத்தபோது. காலையில் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடும் வழியில் நான் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். வண்டியில் ஏறியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெங்காய மூட்டையோடு ஏறும் ஒரு அம்மாளுக்குப் பாதிப் பாடம் மனப்பாடம். "மோசடிக்கு மூணு மூலை!" என்று பின் சீட்டிலிருந்து கத்துவாள். "அழுத்தம், வாய்ப்பு, சமாதானம்!" பணமுடை ஒரு மூலை, யாரும் கண்காணிக்காத இடம் இன்னொரு மூலை, தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் மூன்றாவது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பற்றி இவ்வளவு விவரமாக யார் எழுதினார்கள் என்று யோசித்துக்கொண்டு போவேன்.

வண்டியின் கடைசி நிறுத்தத்தில் காசிமிரா ஊதாச் சோளத்தில் ஆப்பி என்று ஒரு சூடான பானம் காய்ச்சி விற்கிறாள். வயது அறுபத்து நாலு, சீட்டில் அவளும் ஒருத்தி. டிசம்பரில் படியில் விழுந்து அவளுடைய மேல் பல்செட் உடைந்துபோனது. குலுக்கலில் அவளுக்கு விழுந்தது ஒன்பதாம் எண், அதாவது செப்டம்பர். சந்தை முழுக்கக் கேட்கும்படி சிரிக்கிற மனுஷி, பல் போனதிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நான் அவளிடம் ஆப்பி குடிப்பதை நிறுத்திவிட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, பெட்ரோல் பங்க் மெஷினில் வரும் கழுநீர்க் காப்பியைக் குடித்தேன்.

ஜூன் முடிவதற்குள் நில்தா மூன்று பாகம் பாஸ் செய்துவிட்டாள். கடைசிப் பாகம் விசாரணை, ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம், நிலக்கடலை சூப் குடித்து முடித்துச் சற்றுத் தலைசாய்க்கலாம் என்று எழுந்தேன்.

"எங்க போறே? உக்காரு," என்றாள்.

"எதுக்கு?"

"நீதான் திருடன்."

எழுந்தவன் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

"ஒத்திகைக்குச் சொல்றேன்டா. ஆளை உக்கார வச்சுக் கேக்கறது படிச்சா வராது, வாயால சொல்லிப் பாக்கணும். நீ வில்சன். கட்டட வேலை நடக்கற இடத்துல ஸ்டோர் கீப்பர். சிமென்ட் மூட்டை காணாமப் போகுது, எடுத்தது நீ. ஆனா ஒத்துக்கவே கூடாது. நான் என்ன கேட்டாலும் இல்லேன்னு சாதிக்கணும். முடியுமா?"

"எத்தனை மூட்டை?"

"அதை நான் கேக்கணும், மடையா."

மேசையை இழுத்து ஓரம் தள்ளினாள். நடுவில் மேசை இருந்தால் ஆள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வானாம். இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டாள். என் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். என்னைக் கதவுப் பக்கம் உட்கார வைத்தாள். "அடைச்சு வச்ச மாதிரி இருக்கக் கூடாது. எப்ப வேணா எழுந்து போகலாம், அது விதி" என்றாள். நான் கதவைப் பார்த்தேன். அப்போதே போயிருக்கலாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளும் பேனாவும் எடுத்தாள். குரல் மாறியது.

"வில்சன், நீங்க எத்தனை வருஷமா இந்தப் பொறுப்புல இருக்கீங்க?"

"பதினோரு வருஷம்."

"இத்தனை வருஷத்துல யாராவது உங்களைச் சரிபாத்திருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல. நல்லவன்னு நம்பிட்டாங்க."

"நம்புறது நல்லதுதான். ஆனா பாவம், அது உங்களைத் தனியா விட்டுருச்சு." கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "உங்களைப் பாத்தா உங்களுக்குன்னு எதையும் எடுத்துக்கற ஆளாத் தெரியல. வீட்டுல யாருக்கோ தேவை இருந்திருக்கும். அவங்க கேட்டிருக்கக்கூட மாட்டாங்க. நீங்களா பாத்துப் பாத்து மனசு தாங்காமப் போயிருக்கும். உங்க இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. குப்பை கொட்டினாயா, டயருக்குக் காத்தடித்தாயா, இதுதான் எங்கள் உரையாடல்.

"எனக்காக இல்ல," என்றேன். "அவளுக்காக."

"யாருக்காக?"

"வில்சன் பொண்டாட்டிக்காக."

"அவங்களுக்கு என்ன அவசரம்?"

"ஜனவரிக்குள்ள கட்டினாத்தான் தள்ளுபடி."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன், அந்தக் கதைதான். சிமென்ட் மூட்டைக்கு ஏது ஜனவரித் தள்ளுபடி?

நில்தாவின் பேனா நின்றது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியை ஒரு சாண் என் பக்கம் நகர்த்தினாள்.

"ரோமுலோ," என்றாள். வில்சன் போய்விட்டான். "சீட்டா?"

"ஆமா."

"எப்படி?"

"ஸ்ட்ராவைக் கடிச்சு வச்சேன்."

"இந்த ஒரு தடவையா? இல்ல, பதினோரு வருஷமாவா?"

"ஐயோ, ஒரே ஒரு தடவை! பூமித்தாய் மேல சத்தியமா ஒரே தடவை!"

அந்தக் கேள்வி அட்டையில் இருக்கிறது. நானே வண்டியில் பத்துத் தடவை அவளிடம் கேட்டிருக்கிறேன். இரண்டில் எதைச் சொன்னாலும் ஆள் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். தெரிந்தும் போய் விழுந்தேன்.

தண்ணீரை எடுத்துக் குடித்தேன். உடம்பே லேசான மாதிரி இருந்தது. அதுவும் அட்டையில் இருக்கிறது. முதல் உண்மை வந்ததும் ஆள் பெருமூச்சு விட்டுச் சாய்வான், அங்கே நிறுத்திவிடாதே, அடியில் இன்னொன்று இருக்கும். நில்தா நிறுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"வேற என்ன, ரோமுலோ?"

இதை உங்களிடமும் நான் சொல்லவில்லை. கடித்ததைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

எங்கள் சீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது அவசரம் என்றால், முதல் எண் விழுந்தவள் வீட்டுக்கு ஒரு தட்டு ரொட்டியைத் துணி மூடி எடுத்துப் போவாள். வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, முறையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இதுவரை யாரும் மறுத்ததில்லை. குலுக்கல் நடந்த அன்று சாயங்காலம் காசிமிரா எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் தட்டு, அதன்மேல் பூப்போட்ட துணி. உள்ளே நில்தா மகளிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுச்சு," என்றேன். "பாத்தவுடனே தெரிஞ்சுச்சு. ஆனா, 'வாழ்த்துச் சொல்ல வந்தீங்களா அக்கா, எதுக்கு இதெல்லாம்' அப்படின்னு சொல்லித் தட்டை வாங்கிட்டேன். அவ உன் சிரிப்பைக் கேட்டா. வாயைக் கையால மூடிட்டு, 'ஆமாப்பா, வாழ்த்துத்தான்' அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டா."

நில்தா பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"அந்த ரொட்டியை நான் ரெண்டு நாள் தின்னேன்," என்றாள். "காப்பில முக்கி முக்கித் தின்னேன்."

அப்புறம் அழுதாள். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன், ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. அவள் கையை நீட்டி என் முழங்காலில் வைத்தாள்.

"எனக்காகத்தான் பண்ணினேன்னு தெரியுது. நீ கெட்டவன் இல்ல."

"இது புஸ்தகத்துல இருக்கறதா, நீ சொல்றதா?"

"தெரியல. ரெண்டும் கலந்துபோச்சு. அதுக்குத்தான் அழறேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, புத்தகத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தாள். செவ்வாய்க்கிழமை போகப் போவதில்லை என்றாள். "ஏமாத்தி வாங்கின பணத்துல ஏமாத்தறவங்களைப் பிடிக்கப் படிச்சிருக்கேன். இதை எந்த மூஞ்சியோட எழுதுறது?" நான் கெஞ்சினேன். வண்டியை விற்றுத் தருகிறேன் என்றேன், கேனத்தனமாக. நாளைக்குச் சீட்டுக் கூட்டம் இருக்கிறது, அதில் எல்லாவற்றையும் சொல் என்றாள்.

"நீ சொல்லேன்," என்றேன். "உனக்குத்தான் பேச வரும்."

"நான் சொன்னா அது நான் துப்புக் குடுத்ததா ஆகும். நீயே சொன்னாத்தான் உன் வாக்குமூலம். நான் பக்கத்துல நிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை பெத்ரோனாவின் முற்றத்துக்கு என் கையைப் பிடித்தே கூட்டிப்போனாள். தெருவில் பார்த்தவர்கள் காதல் ஜோடி என்று கிண்டல் செய்தார்கள். எல்லாரும் உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்று சொன்னேன். ஸ்ட்ராவைச் சொன்னேன், தொப்பியைச் சொன்னேன், ரொட்டியையும் சொன்னேன்.

பெத்ரோனாதான் முதலில் வெடித்தாள். "பாவி! பூமித்தாய்க்கு ஊத்தின ஈரம் காயறதுக்குள்ளயாடா? பத்துப் பொம்பளைங்க நம்பித் தொப்பியைக் குடுத்தா, உள்ள கையை விட்டியா!" பிறகு நில்தா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி, படிச்சவளே. இவன் திருடனா, இல்லையா?"

"அதை நான் சொல்லக் கூடாது," என்றாள் நில்தா.

"என்னது?"

"ஆய்வாளர் யாரையும் குற்றவாளின்னு சொல்லக் கூடாது. என்ன நடந்துச்சோ அதைத்தான் சொல்லலாம். அது விதி. அதுவுமில்லாம சொந்தப் புருஷனை விசாரிக்கவே கூடாது. நேத்து அதையும் மீறிட்டேன்."

"மூணு பரீட்சை எழுதி இதையாடி கத்துக்கிட்டே? சரி, பொண்டாட்டியாச் சொல்லு."

"பொண்டாட்டியாச் சொன்னா, கடிச்சானே அந்தப் பல்லை உடைக்கணும்."

எல்லார் கண்ணும் காசிமிரா பக்கம் போனது. நில்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். காசிமிரா கையால் வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன்.

"வேணாம்டி," என்றாள், சிரிப்பு அடங்காமல். "எங்கிட்ட இல்லாததை அவன்கிட்டயும் இல்லாமப் பண்ணி என்ன ஆகப்போகுது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சேரலாமா கூடாதா என்று தெரியவில்லை. காசிமிரா கையை எடுத்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக வாயை மூடாமல் என்னைப் பார்த்துப் பேசினாள், இந்தத் தடவை சிரிப்பே இல்லை.

"ஏப்பா ரோமுலோ. ஒரு தட்டு ரொட்டி எடுத்துட்டு, 'நில்தா படிக்கணும்'னு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருந்தா நாங்க குடுத்திருக்க மாட்டோமா? யாருக்கு முதல் சீட்டு விழுந்திருந்தாலும் குடுத்திருப்பாளே. கேட்டாக் குடுக்கறதைப் போய்த் திருடியிருக்கியே. இதைவிட முட்டாள்தனம் உண்டா?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வண்டி ஓட்டுகிறவன், ஐம்பத்து மூன்று வயது, பத்துப் பெண்கள் நடுவில். கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பெண்டாட்டிக்கு நான் வாங்கித்தர முடியாததை இன்னொருத்தியிடம் போய்க் கேட்பதா என்ற வீறாப்பு. திருட வெட்கமில்லை, கேட்க வெட்கம்.

அந்த மாதச் சீட்டு பெத்ரோனாவுடையது. புது ஃப்ரீசருக்காகக் காத்திருந்தாள். பணக்கட்டை முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய்க் காசிமிராவின் மடியில் போட்டாள். எனக்குத் தொப்பி போனது. இனிமேல் தெருவில் எதையும் குலுக்கக் கூடாது. ஆகஸ்டில் உர்குப்பிஞா மாதா திருவிழாவுக்குப் பத்துக் குடும்பத்தையும் ஓசியில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்றும் தீர்ப்பானது.

நில்தா பரீட்சை எழுதப் போவதில்லை என்றதும் காசிமிராவுக்குக் கோபம் வந்தது. "பணம் உன்னோடது, மாசாமாசம் நீயும்தான் கட்டுறே. போனது வரிசைதான். அதுல என் பங்கை இப்ப நான் உனக்குத் தரேன். ஏய், நீங்கள்லாம் என்னடி சொல்றீங்க?" மற்ற எட்டுப் பேரும் தருகிறோம் என்றார்கள். பெத்ரோனா கடைசியாகச் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை எழுதினாள். பாஸ்.

அத்தோடு முடியவில்லை. அவளுடைய வேலையையும் குணத்தையும் அறிந்த மூன்று பேர் கடிதம் தர வேண்டுமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய மேலாளர் ஒன்று தந்தார், தெரிந்த வக்கீல் ஒன்று. மூன்றாவது அவளுக்குக் கிடைக்காமல் இல்லை, கேட்க மனம் வரவில்லை. "என் குணத்துக்குச் சாட்சி கேக்கறாங்க. இந்த வருஷம் எங்க வீட்டுல நடந்ததை மறைச்சுட்டு என்ன சாட்சி?" என்று காசிமிராவின் கடையில் நின்று புலம்பினாள். நான் பக்கத்தில் ஆப்பி குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பக் குடிக்க அனுமதி கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"மறைக்காமச் சொன்னாப் போச்சு. நான் சொல்றேன், எழுது," என்றாள் காசிமிரா.

"எனக்கான கடிதத்தை நானே எழுதக் கூடாது அக்கா."

"எனக்கு எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். இவன் எழுதட்டும்."

வேலிக்கு ஓணான் சாட்சி என்று நான் சிரித்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நில்தா காகிதத்தைக் கொடுத்துவிட்டு, தான் கேட்கக் கூடாது என்று தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். காசிமிரா பானையைக் கிண்டிக்கொண்டே சொல்லச் சொல்ல, நான் என்ஜின் பானட் மேல் வைத்து எழுதினேன்.

"நான் காசிமிரா சோக்கே. முப்பது வருஷமா ஆப்பி விக்கிறேன். நில்தாவைப் பதினெட்டு வருஷமாத் தெரியும். எங்க சீட்டுல ஒரு மோசடி நடந்துச்சு. எங்க யாருக்கும் தெரியாது. அவ சொல்லாம விட்டிருந்தா சாகற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. அவ கண்டுபிடிச்சா. பண்ணினவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து எங்க முன்னாடி நிறுத்தினா. அவன் அவ புருஷன்." நான் நிறுத்தினேன். "என்ன பாக்கறே, எழுது. அவன் பேசி முடிக்கற வரைக்கும் அவ கை நடுங்கிச்சு. நான் பாத்தேன். ஆனா அவன் கையை விடல."

அன்று நடுங்கியது என் கை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு எழுத்தாக. நாணயமாக இருக்க வேண்டும் என்று அதன் கீழே, எழுதிக் கொடுத்தவர் ரோமுலோ ஆஞ்சேஸ் என்று என் பெயரைப் போட்டேன். நில்தா அதை உறையில் போட்டு ஒட்டி, மற்ற இரண்டோடு அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வெளிநாட்டுச் சங்கத்திலிருந்து மெயில் வந்தது. ஒரே கேள்வி. விண்ணப்பதாரரின் கணவர் பெயர் ரோமுலோ ஆஞ்சேஸ் என்று படிவத்தில் இருக்கிறது. கடிதத்தை எழுதிக் கொடுத்தவரும் அதில் சொல்லப்படும் கணவரும் ஒரே நபரா, சம்பந்தப்பட்டவரே தெளிவுபடுத்த வேண்டும்.

நில்தா லாப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "உன்னைத்தான் கேக்கறாங்க."

நான் ஒற்றை விரலில் தட்டச்சு செய்கிறவன். நேரம் ஆனது. யோசிக்கவும் நேரம் கிடைத்தது. அதே பெயரில் வேறு ஆள், சித்தப்பா மகன் என்று ஒரு வரி போட்டால் போதும். அங்கே இருப்பவர்கள் கொச்சபம்பாவுக்கு வந்தா பார்க்கப் போகிறார்கள்? ஒரு ஸ்ட்ராவைக் கடிப்பதைவிடச் சுலபம். அவள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம். இரண்டும் நான்தான். கடிதத்தில் உள்ளது அனைத்தும் உண்மை. என் மனைவிக்கு அதில் பங்கில்லை. தெரிந்த மறுநாளே என்னைச் சொல்ல வைத்தாள்." இவ்வளவுதான் எழுதினேன்.

எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள்.

"இதனால கிடைக்காமப் போனாலும் போகும்," என்றாள்.

"தெரியும்."

"உனக்கு வருத்தமா இருக்காதா?"

"செத்துருவேன்," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவள் சிரித்தாள், பிறகு என் உச்சந்தலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஈரம் பட்டது. நான் அசையவில்லை. அனுப்பும் பொத்தான் எது என்று கேட்டேன், விரலால் காட்டினாள், நானே அழுத்தினேன். பதில் வரப் பதினாறு நாள் ஆனது, சான்றிதழ் செப்டம்பர் கடைசியில் வந்தது.